தீர்க்கதரிசனத்தில் 'அவனும்' 'அவரும்': ஏசாயா தமிழாக்கம் பற்றி ஒரு மதிப்பீடு

ஏசாயா 7:14 கிறித்தவ மரபில் மேசியாவின் பிறப்பை முன்னறிவித்த வாக்காகப் போற்றப்படுகிறது. இதுபற்றிய விவாதம் பெரும்பாலும் 'அல்மா' என்னும் எபிரேயச் சொல்லையே சுற்றி வந்துள்ளது. இளம்பெண்ணைச் சுட்டும் அச்சொல்லைப் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு 'பார்த்தெனோஸ்' என்றது. மத்தேயு அதனைப் பின்பற்றினார். ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் வெளிவந்த தமிழ் வேதாகமம் 'கன்னிகை' என்றது. 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியம் ஏசாயாவில் 'இளம்பெண்' எனவும் மத்தேயுவில் 'கன்னி' எனவும் பெயர்த்து வேறுபாட்டைக் காட்டிவிட்டது. பெயர்ச்சொல்லைப் பற்றி இனிச் சொல்ல அதிகமில்லை.

போதிய கவனம் பெறாதது பதிலிடுபெயர். எபிரேயத்தில் படர்க்கை ஆண்பால் ஒருமைக்குத் தனி மரியாதை வடிவம் இல்லை. தமிழிலோ 'அவன்', 'அவர்' என்னும் இரண்டனுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். 1871ஆம் ஆண்டு வேதாகமத்தில் 7:14இன் குழந்தை 'அவர்'. அடுத்த அதிகாரத்தில் (8:3) பிறக்கும் தீர்க்கதரிசியின் மகன் 'அவன்'. மூலத்தில் இருவரும் ஆகாஸ் அரசன் காலத்துப் போர் நெருக்கடியில் (கி.மு. 735 அளவில்), பகைவர் வீழும் காலக்கெடுவைக் காட்டும் அடையாளங்களாகவே பேசப்படுகின்றனர். பெற்றவளோ இரண்டிடத்தும் 'ஆள்' விகுதியே பெறுகிறாள். எனவே இங்கு மரியாதை மூலத்திலிருந்து வந்ததன்று. மொழிபெயர்த்தோரின் விசுவாசத்திலிருந்து வந்தது.

தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கும் திருவனந்தபுரத்தில் இவ்வேறுபாடு எளிதில் புலப்படும். 1910ஆம் ஆண்டு மலையாளச் 'சத்தியவேதபுஸ்தகம்' 7:14இலும் 'அவன்' என்பதன் வேற்றுமை வடிவத்தையே ஆள்கிறது. நற்செய்திகளில் இயேசுவுக்கும் அதே வடிவம் வருதலின் இஃது அவமதிப்பன்று. மலையாள வினைமுற்று பால்காட்டும் விகுதி ஏற்பதுமில்லை. அங்கு அக்குழந்தையை மேசியா எனக் காட்டப் பிரசங்கம் வேண்டும். தமிழில் ஒரு விகுதி போதும்.

ஏசாயா 53இல் சிக்கல் மேலும் வலுக்கிறது. அங்குத் துன்புறும் ஊழியன் இஸ்ரவேல் மக்களே என்பது யூத மரபில் வேரூன்றிய விளக்கம். அப்போஸ்தலர் 8இல் எத்தியோப்பிய மந்திரி, தீர்க்கதரிசி தம்மைப்பற்றிச் சொல்கிறாரா, வேறொருவரைப் பற்றியா எனப் பிலிப்புவிடம் வினவுகிறார். 'அவர்' என்று எழுதிய தமிழ்ச் சுருளை அவர் வாசித்திருப்பின், கேள்வியில் பாதி எழுந்திராது!

தமிழ்த் திருச்சபையில் 'அவன்' என எழுத இயலாது என்பது உண்மையே. ஆனால் வழியில்லாமல் இல்லை. திருவிவிலியம் 7:14இல் 'அக்குழந்தைக்கு' என எழுதி இச்சிக்கலைத் திறம்படக் கடந்தது. அந்நிதானம் 9:6இல் நிலைக்கவில்லை. 'குழந்தை' என்னும் எழுவாய்க்கு அங்குப் 'பிறந்துள்ளார்' என்னும் பயனிலை வருகிறது. தமிழ் வழக்கில் இயல்பான முடிபு 'பிறந்துள்ளது' என்பதே.