கடைத்தெருவும் குடியிருப்பும்: பினாங்கிலிருந்து போலான்யியை வாசித்தல்

வியன்னாவில் பிறந்த பொருளியல் வரலாற்றறிஞர் கார்ல் போலான்யி 1944-இல் வெளியிட்ட 'பெருமாற்றம்' என்னும் நூல், சந்தைக்கும் சமூகத்துக்கும் உள்ள உறவை ஆராய்வோர் எவரும் தவிர்க்கவியலாத நூலாகும். சந்தை எல்லாக் காலத்தும் இருந்தது; ஆயினும் சமூகமே சந்தையின் பிற்சேர்க்கையாகிப் போனது அண்மைக்கால நிகழ்வு என்பது அவர்தம் துணிபு. நிலம், உழைப்பு, பணம் ஆகிய மூன்றும் விற்பதற்கென்று உண்டாக்கப்பட்டவை அல்ல. அவற்றைப் பண்டங்களாகப் பாவிப்பது ஒரு புனைவு. அப்புனைவு முற்றுமாக நடைமுறைக்கு வருமிடத்து மனிதவாழ்வு சிதையும். அச்சிதைவைத் தடுக்கச் சமூகம் எதிர்வினையாற்றும் என்கிறார் அவர். இக்கருத்து ஜார்ஜ் டவுன் நகருக்கு எவ்வளவு பொருந்தும் என்பதையே ஈண்டு நாம் நோக்க விழைகிறோம்.

அதற்குமுன் நம் ஆய்வுலகின் வழக்கமொன்றைச் சுட்டுதல் வேண்டும். வாணிகம் பற்றித் தமிழில் எழுதப்புகுவோர் பெரும்பாலோர் பட்டினப்பாலையிலேயே தொடங்குகின்றனர். மிகுதியாகக் கொள்ளாமலும் குறைவாகக் கொடாமலும் விற்ற புகார் வணிகரின் நேர்மையைப் போற்றுகின்றனர். போற்றுதல் தகும். ஆனால் வணிகனின் தனிமனித அறத்தைக் கூறிவிட்டால் சந்தையின் அறத்தைக் கூறியதாகும் என்னும் எண்ணம் ஏற்கத்தக்கதன்று. சிலப்பதிகாரமே இதற்கு மறுப்பாக நிற்கிறது. கோவலன் மதுரையில் விற்கச் சென்றது தன் மனைவியின் சிலம்பு. அவன்பால் பொய் இல்லை. எனினும் அவனுக்காகச் சான்று கூற அக்கடைவீதியில் ஒருவரும் இலர். நேர்மையைத் தாங்கி நிற்கச் சமூகம் இல்லாதவிடத்து நேர்மை ஒருவனைக் காப்பதில்லை என்பதை இளங்கோவடிகள் அறிந்திருந்தார்.

இனி, பினாங்குக்கு வருவோம். 1786-இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் குடியேற்றத்தை நிறுவியபோது அது வரியில்லாத் துறைமுகமாகவே தொடங்கிற்று. போலான்யி காட்டும் ஐரோப்பாவில் முதலில் சமூகம் இருந்தது; சந்தை பின்னர் அதனை விழுங்கிற்று. இங்கோ நகரைப் பொறுத்தமட்டில் வரிசை தலைகீழானது. முதலில் வந்தது சந்தை. வந்தவர்கள் சமூகத்தைப் பின்னர்க் கட்டினர். 1801-இல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்குக் கிழக்கிந்தியக் கும்பினி நிலம் அளித்தது. 1833-இல் குயின் தெருவில் மகாமாரியம்மன் கோயில் எழுந்தது. வக்புநிலமும் கோயில்நிலமும் விலைக்கு வாராத நிலங்கள். சந்தைக்கென்றே பிறந்த ஊரின் நடுவில் சந்தைக்கு அப்பாற்பட்ட மண்ணை முதலில் ஒதுக்கிவைத்தவர்களுள் நம்மவரும் இருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. பினாங்குத் தெருவின் செட்டியார் கிட்டங்கிகளும் இவ்வாறே நோக்கத்தக்கன. ஒரே நீண்ட கூடத்தில், ஆளுக்கொரு பெட்டியும் சாய்வுமேசையுமாகப் போட்டியாளர் பலர் அருகருகே அமர்ந்து வட்டித்தொழில் நடத்தினர். ஒருவர் நாணயத்துக்கு மற்றவர் சாட்சி.

ஆயின் இதனை நாம் பொற்காலமாக வரைந்துவிடலாகாது. கிட்டங்கிக்குள்ளிருந்த நம்பிக்கை வெளியிலிருந்து கடன்பெற்றவர்க்கு உரியதாக இருக்கவில்லை. பினாங்குக்கு வெளியே, கூட்டரசு மலாய் மாநிலங்களில், மலாய்க் குடியானவரின் நிலங்கள் அடமானத்தின் வழியே பிறர் கைக்கு மாறுவது குறித்த அச்சம் வளர்ந்தது. அதன் விளைவுகளுள் ஒன்று 1913-ஆம் ஆண்டின் மலாய் ஒதுக்கீட்டு நிலச்சட்டம். செட்டியார்களின் கடன்தொழிலும் அவ்வச்சத்துக்கு ஒரு காரணம். நிலத்தைப் பண்டமாக்கும் புனைவுக்கு எதிராகச் சமூகம் எழும் என்று போலான்யி கூறியதற்கு இம்மண்ணில் இதனினும் தெளிவான சான்று அரிது. அச்சான்றில் நம்மவர் நின்ற பக்கம் எது என்பதைச் செட்டியார் வரலாறு எழுதுவோர் பலரும் விரைந்து கடந்துவிடுகின்றனர்.

நகரக் குடியிருப்போர்க்கு வேறொரு காப்பு இருந்தது. 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி 31-க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்திற்று. நாட்டிலேயே இத்தகைய கட்டடங்கள் மிகுந்திருந்த மாநிலம் பினாங்கு. 12,000-க்கும் மேற்பட்டவை இருந்தன. மார்க்கெட் தெருவிலும் அதன் பக்கத்துத் தெருக்களிலும் கீழே கடை, மேலே குடும்பம் அல்லது பலர் பகிர்ந்துகொண்ட அறை என வாழ்க்கை நடந்தது இதனால்தான். மாலை கட்டுவோரும் சிறுவணிகரும் துறைமுகத் தொழிலாளரும் நகர் நடுவில் வாழ முடிந்தமைக்குக் காரணம் வாணிகத் திறமன்று, குறைந்த வாடகை. சட்டத்தின் குறைகளும் கண்கூடு. பழுதுபார்க்க உடைமையாளர்க்கு ஊக்கமில்லை, கூரைகள் ஒழுகின. தலைமை வாடகைதாரர் சிலர் உள்வாடகைக்கு விட்டு இடையில் இலாபம் பெற்றனர். இக்குறைகளைக் களையாமல் சட்டத்தையே களைவதென 1997-இல் நாடாளுமன்றம் முடிவுசெய்தது. இடைக்காலம் 1999 டிசம்பர் 31-உடன் முடிந்தது. 2000-ஆம் ஆண்டு பிறந்ததும் வாடகைகள் பன்மடங்கு உயர, பல குடும்பங்கள் வெளியேறின.

போலான்யியின் கருத்தை இங்கே மேலும் நுணுகி நோக்க வேண்டியுள்ளது. சமூகம் எதிர்வினையாற்றும் என்றார் அவர். எதனைக் காக்க என்பதையும் இங்கே பிரித்து நோக்குதல் வேண்டும். 1913-இன் சட்டம் மண்ணைக் காத்தது. 1966-இன் சட்டம் குடியிருந்தோரைக் காத்தது. 2008 ஜூலை 7-இல் மலாக்காவுடன் ஜார்ஜ் டவுனும் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. பல இனத்தாரும் சேர்ந்து வாழும் வாணிக நகர் என்பதே அச்சிறப்புக்கு அடிப்படை. ஆயினும் அதன்வழிக் கிடைத்த காப்பு முதன்மையாகச் சுவருக்கும் ஓட்டுக்கூரைக்கும் உரியது. வாடகையைப் பற்றி அது பேசவில்லை. மதிப்பு உயர்ந்த கட்டடம் தங்கும் விடுதியாகவும் காப்பிக்கடையாகவும் மாறுவதை அது தடுக்கவுமில்லை. 'லிட்டில் இந்தியா' என்னும் பெயர்ப்பலகையின்கீழ் மசாலைக்கடையும் சேலைக்கடையும் இன்றும் உள்ளன; ஆனால் கடையடைத்தபின் மாடியில் விளக்கெரியும் வீடுகள் குறைந்துவிட்டன.

காலியான கடைவீடுகள் சிலவற்றில் 2000-க்குப் பின் உழவாரன் குருவிகள் குடியேற்றப்பட்டன. மனிதர் தரும் வாடகையினும் அவற்றின் கூடு கூடுதலாக ஈட்டித் தந்தது. சன்னல்கள் அடைக்கப்பட்டன, பறவையின் குரல் ஒலிபெருக்கியில் இடைவிடாது ஒலித்தது. மரபுடைமைக் கட்டடங்களுக்கு இது கேடு என்று உணரப்பட்டு, பறவை வளர்ப்போர் 2013 இறுதிக்குள் மரபுடைமைப் பகுதியை விட்டு நீங்க வேண்டுமெனக் காலக்கெடு விதிக்கப்பட்டது. முன்பு அவ்வீடுகளில் வாழ்ந்தோர் திரும்பிவருவதற்கு அத்தகைய ஏற்பாடு எதுவும் அவ்வாணையில் இடம்பெறவில்லை.