தஞ்சாவூர் வீணை: செய்த கையை மதிப்பிடுதல்

தஞ்சாவூர் வீணை பலா மரத்தைக் குடைந்து கையால் செய்யப்படும் தந்திக் கருவி. 24 மெட்டுகளும் 7 தந்திகளும் கொண்டது. மெட்டுகள் நிலையாக அமைந்த இந்த வடிவம், 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில் உருவானது என்பது இசை மரபில் வழங்கும் கருத்து. 2013இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதையொட்டி வந்த செய்திக் கட்டுரைகள் பலவும் யாளி முகத்தின் அழகையும் குடத்தின் மேலுள்ள சித்திர வேலையையும் பாராட்டுகின்றன, வீணை செய்யும் ஆசாரிகள் முதுமை அடைந்துவருவதற்கு வருந்துகின்றன, அத்துடன் முடிந்துவிடுகின்றன. ஒரு வீணை நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறதா என்று எப்படி அறிவது என்ற கேள்விக்கு அவை வருவதே இல்லை. அது தெரியாமல் பாராட்டுவதும் வருந்துவதும் அந்தக் கைகளுக்கு நியாயம் செய்யாது.

கைவேலை இருக்கும் இடம்

சேலம், நாமக்கல் பக்கத்தவர்களுக்குப் பலா என்றால் கொல்லிமலைப் பழம்தான் நினைவுக்கு வரும். வீணைக்கு வேண்டியது முற்றிய பலாவின் அடிமரம். அது பெரும்பாலும் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து தஞ்சைக்குப் போகிறது. குடம், தண்டி, யாளி முகம் மூன்றையும் ஒரே மரத்தில் குடைந்தால் அது ஏகாண்ட வீணை. தனித்தனியாகச் செய்து பொருத்தினால் ஒட்டு வீணை.

குடத்தைக் குடையும்போது சுவர் தடித்துப் போனால் நாதம் அடைபடும். மிக மெலிந்தால் ஒலி சிதறும், மரமும் நாளடைவில் விரியும். எவ்வளவு மெலியவேண்டும் என்பது மரத்துக்கு மரம் மாறும். ஆசாரி மரத்தைத் தட்டிக் கேட்டுத்தான் அதை முடிவு செய்கிறார். லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகளை நாமக்கல்லில் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அளவுகோல் சொல்லாத சிலவற்றைக் கை அறிந்துவைத்திருக்கும்.

இரண்டாவது இடம் குதிரை. தந்திகள் படியும் அதன் உலோகத் தகட்டை அரத்தால் தேய்த்து மிக மெல்லிய வளைவு கொடுக்கிறார்கள். மீட்டிய சுவரம் எவ்வளவு நேரம் நின்று ஒலிக்கும் என்பது பெரும்பாலும் அந்த வளைவைப் பொறுத்தது.

மூன்றாவதும் மிக முக்கியமானதும் மேளம் கட்டுதல். கித்தாரில் மெட்டுகள் மரத்தில் அளவெடுத்துப் பதிக்கப்படுகின்றன. வீணையில் அவை தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த கருமெழுகின்மேல் நிற்கின்றன. மெழுகை இளக்கி, மெட்டை வைத்து, தந்தியை மீட்டிச் சுவரம் கேட்டு, மயிரிழை தள்ளி, மீண்டும் கேட்டு, 24 மெட்டுகளையும் காதால் நிறுத்தவேண்டும். வெயிலாலும் தொடர்ந்த வாசிப்பாலும் மெழுகு இளகும், மெட்டு தேயும். அதனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மேளத்தைப் பிரித்துக் கட்டியாகவேண்டும்.

கேட்பவரின் பங்கு

இந்த மூன்று வேலைகளும் கண்ணுக்குத் தெரிவதில்லை. காதுக்குத்தான் தெரியும். வீணை தனம்மாள் (1867–1938) சென்னையில் தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் ஒலிபெருக்கி இல்லாமல் வாசித்தார் என்பது வரலாறு. அந்தக் கூடத்தில் அமர்ந்தவர்கள் கேட்டது அவரது விரலையும் மரத்தின் நாதத்தையும். இன்றைய அரங்குகளில் பெரும்பாலும் குடத்தில் ஒட்டிய ஒலிவாங்கி வழியாகவே வீணையைக் கேட்கிறோம். அதனால் பெரிய சபையின் கடைசி வரிசைக்கும் இசை எட்டுகிறது. அந்த நன்மையை மறுக்கமுடியாது. ஆனால் நல்ல குடத்துக்கும் சுமாரான குடத்துக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதியை அந்தக் கருவி அழித்துவிடுகிறது. வேறுபாடு கேட்காதபோது, கூடுதல் நாள் உழைத்துக் குடைந்தவருக்குக் கூடுதல் விலை கொடுக்க யாருக்கும் காரணம் இருக்காது. சித்திர வேலையே விலையைத் தீர்மானிக்கும். தொழில் நலிவதற்குக் கூலியையும் மர விலையையும் காரணமாகச் சொல்கிறோம். நம் காது மழுங்கியதையும் அவற்றோடு சேர்க்கவேண்டும்.

பெயர் சொல்லும் வழக்கம்

கித்தார் உலகத்தோடு ஒப்பிட்டால் இன்னொரு குறை தெரியும். ஸ்பெயினின் அந்தோனியோ தெ தோரெஸ் (1817–1892) இன்றைய செவ்வியல் கித்தாரின் வடிவத்தை நிலைநிறுத்தியவர். கித்தாரின் ஒலிக்கு மேற்பலகையே முதன்மை என்று காட்ட, 1862இல் பக்கங்களையும் பின்புறத்தையும் காகிதக் கூழ் அட்டையால் செய்து ஒரு கித்தாரை உருவாக்கினார். அது பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆந்த்ரேஸ் செகோவியா வாசித்த 1937ஆம் ஆண்டுக் கித்தார், செய்தவரான ஹெர்மன் ஹௌசரின் பெயராலேயே நியூயார்க் அருங்காட்சியகத்தில் அறியப்படுகிறது. வாசித்தவர் பெயரோடு செய்தவர் பெயரும் நிற்கிறது.

நம்மிடமும் அந்த வழக்கம் அறவே இல்லாமல் போகவில்லை. டி. என். இராஜரத்தினம் பிள்ளையின் பாரி நாயனத்தைப் பற்றிப் பேசுவோர், அதைச் செய்த நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியின் பெயரையும் சொல்கிறார்கள். ஒரே மெட்டில் தந்தியை இழுத்துப் பல சுவரங்களை எடுத்த எஸ். பாலசந்தரின் (1927–1990) வாசிப்பு முறையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். அந்த இழுப்பைத் தாங்கும்படி மேளமும் தண்டியும் அமைத்துக் கொடுத்த கைகளைப் பற்றி அந்த அளவுக்கு எழுதவில்லை. கச்சேரி விமர்சனத்தில் பக்கவாத்தியக்காரர் பெயர் விடுபட்டால் குறை என்கிறோம். வீணை செய்தவர் பெயர் விடுபடுவது குறையாகவே படுவதில்லை.

புவிசார் குறியீட்டின் எல்லை

புவிசார் குறியீடு பெயரைக் காக்கிறது. வேறிடத்தில் செய்ததைத் தஞ்சாவூர் வீணை என்று விற்கக்கூடாது என்பதற்கு அது சட்டத் துணை. நரசிங்கம்பேட்டை நாகசுரமும் (2022) மானாமதுரைக் கடமும் (2023) அந்தத் துணையைப் பெற்றுள்ளன. ஆனால் மேளம் கட்டும் காதை அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பது அந்தச் சட்டத்தின் வேலை அன்று. அதற்குப் பல ஆண்டுகள் பட்டறையில் உட்காரவேண்டும். உட்காரும் இளைஞருக்கு அந்த ஆண்டுகளில் வருமானம் வேண்டும்.

ஆசாரிகள் ஓய்வு பெற்றால் புதிய வீணை வராது என்று மட்டும் எண்ணுகிறோம். இழப்பு அதைவிடப் பெரிது. எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றின் இசை அறையில் ஒரு வீணையைப் பார்த்திருக்கிறேன். கோடை வெயிலில் மெழுகு இளகி மெட்டுகள் சாய்ந்திருந்தன. மேளம் கட்ட இங்கே ஆள் கிடைக்கவில்லை. தஞ்சைக்கு எடுத்துச் செல்ல யாரும் முன்வரவில்லை. ஆண்டுக்கு ஒருநாள் சரசுவதி பூசையில் பொட்டு வைத்து மாலை சூட்டினார்கள். மரம் கெடவில்லை, தந்தி அறுபடவில்லை. ஆனாலும் அதை வாசிக்கமுடியாது. மேளம் கட்டுபவர்கள் குறையக் குறைய, இப்போது வீடுகளில் உள்ள வீணைகளுக்கும் இதே நிலை வரும்.

மாணவர்கள் செய்யக்கூடியது சிறிதேனும் உண்டு. ஒரு வீணையைப் பார்த்தால் அது ஏகாண்டமா, ஒட்டா என்று கேளுங்கள். ஒலிவாங்கி இல்லாமல் ஒரு தந்தியை மீட்டச் சொல்லி, ஒலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனியுங்கள். கடைசியாக மேளம் கட்டியது யார், எப்போது என்று விசாரியுங்கள். கிடைக்கும் பெயரை, அவர் இசைந்தால், குறித்து வையுங்கள். இது போன்ற கலைக்களஞ்சியங்களில் வாசித்தவர்களுக்கு இருக்கும் பக்கங்கள் செய்தவர்களுக்கும் வரவேண்டும்.