இதோமான் மீனவரின் மரக் கண்ணாடி

மூச்சடக்கி முங்கி, ஈட்டியால் மீன் குத்துகிற தொழிலில் எந்தக் கருவி பெரிது? என் ஓட்டு கண்ணாடிக்கு. ஜப்பானின் ஒகினாவா தீவில் அதை ‘மீகாகன்’ என்பார்கள். 1884-இல் இதோமான் ஊர்க்காரர் தமகுசுகு யசுதாரோ உருவாக்கியது.

இலேசான மரத்தைக் குடைந்து இரண்டு சிறு கிண்ணங்கள். முன்னால் கண்ணாடித் துண்டு. அழகெல்லாம் பின்விளிம்பில். புருவ எலும்பு, கன்ன மேடு, மூக்கின் சரிவு என்று அவரவர் முகத்துக்குப் பார்த்துப் பார்த்துச் செதுக்க வேண்டும். மயிரிழை இடைவெளி இருந்தாலும் தண்ணீர் புகுந்துவிடும். ஆவி படியாமலிருக்க, மாசிபத்திரி இனத்து இலையைக் கசக்கித் தேய்ப்பார்கள்.

கண்ணுக்கு முன்னால் அந்தக் கிண்ணங்களின் காற்றறை இல்லையென்றால் நீருக்கடியில் எல்லாம் மங்கல்தான். அது இருந்தாலும், மீன் உள்ள தூரத்தைவிடக் கால்பங்கு கிட்டத்தில் தெரியும். கை அதற்குப் பழக வேண்டும். ஆழம் போகப் போகக் கண்ணாடி முகத்தை உறிஞ்சி இழுக்கும், கண் சிவக்கும். பின்னால் வந்த ரப்பர் முகமூடிக்குள் மூக்கும் அடங்கியது. மூக்கால் கொஞ்சம் காற்று விட்டால் அழுத்தம் சமமாகிவிடும். வசதிக்கு அதுதான். வேலைப்பாட்டுக்கு, ஒரே ஒரு முகத்துக்கென்று உளி செதுக்கிய அந்த மரவிளிம்புதான்.