சுஹராவின் முற்றுப்பெறாச் சொல்

வைக்கம் முஹம்மது பஷீரின் ‘பால்யகால சகி’ (1944) அளவிற் சிறிய மலையாள நாவல். மஜீத், சுஹரா இருவரிடையே இளமையில் அரும்பிய அன்பு, அவளது மரணத்திற்குப் பின்னும் அவனுள் நீடிக்கிறது. அவர்களின் இறுதிப் பிரிவுக்குத் தனியொரு கொடியவன் காரணமல்லன். வறுமையும் சீதனமுமே காரணம். தங்கையரின் திருமணத்திற்குப் பொருள் தேடிச் சென்ற மஜீத், அந்நிய நகரில் தன் கால் ஒன்றை இழக்கிறான். மணமகனே மணமகளுக்கு மஹர் வழங்க வேண்டும் என்பது ஷரீஅத். இங்கோ பெண்வீட்டார் பொருள் தருகின்றனர். இம்முரணைப் பற்றிப் பஷீர் உபதேசம் செய்யவில்லை. விடைபெறும்போது சுஹரா சொல்லத் தொடங்கி முடிக்காது விட்டது என்னவென்று மஜீத் எண்ணி மருகுவதோடு கதையை நிறுத்திவிடுகிறார். கண்டனவுரைகள் பல சாதிக்காததை அந்த மௌனம் சாதிக்கிறது.