வாசலில் நின்றவர்கள்

வெள்ளவத்தையில் ஆங்கிலம் படித்த குடும்பங்களின் புத்தக அலுமாரிகளில் ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மொக்கிங்பேர்ட்’ நாவலுக்கு ஓரிடம் உண்டு. 1960இல் வெளிவந்து, அடுத்த ஆண்டே புலிற்சர் பரிசைப் பெற்ற நூல் அது. 1962இல் அது திரைப்படமானபோது, அற்றிக்கஸ் பிஞ்ச் என்னும் வழக்கறிஞராக நடித்த கிறகரி பெக்கிற்கு ஒஸ்கார் கிடைத்தது. அன்று முதல் அற்றிக்கஸ் ஒரு கதாபாத்திரம் என்ற நிலையைக் கடந்து, ‘தகப்பன் என்றால் இப்படி இருக்க வேண்டும்’ என்று சுட்டிக்காட்டப்படும் மனிதராகிவிட்டார். நாமும் அவ்வாறு சொல்லித் திரிந்தவர்கள்தாம். அந்தப் பாராட்டை முழுவதாக மீளப் பெறும் எண்ணம் நமக்கு இல்லை. ஆயினும், அவருடைய நேர்மை எதுவரை செல்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று கேட்காமல் அதனை வியந்துகொண்டிருப்பது வாசகனுக்கு அழகன்று.

அலபாமா மாநிலத்தின் மேகொம் என்னும் கற்பனைச் சிற்றூர். காலம் 1930களின் நடுப்பகுதி. வெள்ளைப் பெண்ணைக் கெடுத்தான் என்ற பொய்க் குற்றச்சாட்டுக்கு ஆளான ரொம் ரொபின்சன் என்னும் கறுப்பினத் தொழிலாளிக்காக வாதாடும்படி நீதிபதி ரெய்லர் அற்றிக்கஸைப் பணிக்கிறார். பெயருக்கு வாதாடிவிட்டு ஒதுங்கியிருக்கலாம். ஊரும் அதைத்தான் எதிர்பார்த்தது. அவரோ மெய்யாகவே வாதாடத் துணிகிறார். விசாரணைக்கு முந்திய இரவு சிறைக்கூடத்து வாசலில் நாற்காலியைப் போட்டு, விளக்கு வெளிச்சத்தில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருக்கிறார். கைதியைக் கொல்ல வந்த கும்பல் அவரைச் சூழ்ந்துகொள்கிறது. ஓடிவந்த சிறுமி ஸ்கவுட், கும்பலில் நின்ற கனிங்ஹாமை இனங்கண்டு அவருடைய மகனின் நலம் விசாரிக்கிறாள். அவர் தலைகுனிந்து திரும்ப, மற்றவர்களும் கலைகிறார்கள். கும்பலுக்குள் மறைந்திருந்த ஒருவனை மறுபடியும் ஒரு பிள்ளையின் தகப்பனாக்கிவிடும் இக்கட்டம் உயர்ந்த சிருஷ்டி என்பதில் ஐயமில்லை.

எனினும் அற்றிக்கஸின் நேர்மைக்கு உண்மையான உரைகல் சிறை வாசல் அன்று. அது நாவலின் இறுதியில் அவருடைய சொந்த வீட்டு முன்றிலில் இருக்கிறது. பிள்ளைகளைக் கொல்ல வந்த பொப் இயூவெல் இறந்து கிடக்கிறான். தம் மகன் ஜெம்தான் கொன்றுவிட்டான் என நம்பும் அற்றிக்கஸ், அதை மூடிமறைக்க விரும்பும் ஷெரிபைத் தடுத்து, வழக்கு வெளிச்சத்தில் நடக்கட்டும் என்கிறார். ஊருக்கு ஒரு முகமும் வீட்டுக்கு ஒரு முகமுமாக அவரால் வாழ முடியாது. இந்த இடத்தில் நம்முடைய வாசகர் சற்றுத் தலைகுனியவேண்டும். மேடையில் சமத்துவம் முழங்கிவிட்டு வீட்டில் தனிக் குவளை வைத்திருந்தவர்களை நாம் அறிவோம். கொழும்பில் அடுக்குமாடி வீடு வாங்கிய பின்பும் மணமகள் தேவை விளம்பரத்தில் குலத்தைக் குறிப்பிட மறவாதவர்களும் நம்மவர்களே.

ஆனால் கொன்றவன் ஜெம் அல்லன், பிள்ளைகளைக் காக்க வந்த பூ ராட்லி எனத் தெரிந்ததும், அதே அற்றிக்கஸ் மறைப்புக்கு உடன்படுகிறார். கூச்சமே வாழ்வாகிவிட்ட அப்பாவியை ஊரின் கண்களுக்கு இரையாக்கலாகாது என்பது நியாயந்தான். ஆயினும், வெள்ளையனாகிய பூவுக்காக விலகி நிற்கத் தெரிந்த சட்டம், கறுப்பனாகிய ரொம்மின் விடயத்தில் மட்டும் தன் கடைசி எழுத்துவரை சென்றது. இந்த வேறுபாட்டின் மீது நாவலாசிரியரின் கண் படவில்லை.

அற்றிக்கஸின் நம்பிக்கையெல்லாம் மனிதனின் வெட்கத்தின் மீதே இருந்தது. முன்னொரு காலத்தில் கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தார் யூதரான சாம் லெவியின் வீட்டு வாசலுக்கு வந்தபோது, அவர்கள் போர்த்திருந்த துணியைத் தாமே அவர்களுக்கு விற்றதாகச் சொல்லி அவர் அவர்களை நாணச் செய்தார் என்று தம் பிள்ளைகளுக்கு அவர் கதை சொல்கிறார். வெட்கம் சில இரவுகளைக் காப்பாற்றும். நடுவர் குழுவை அது அசைக்கவில்லை. குற்றவாளியெனத் தீர்க்கப்பட்ட ரொம், சிறைப் பண்ணையில் தப்பியோட முயன்றபோது பதினேழு குண்டுகள் பாய்ந்து இறக்கிறான். வழக்குமன்றில் கறுப்பின மக்கள் ஏன் மேல்மாடத்தில் அமரவேண்டும் என்று அற்றிக்கஸ் ஓரிடத்திலும் கேட்பதில்லை. தோல்வியுற்று அவர் வெளியேறும்போது அந்த மேல்மாடமே எழுந்து நின்று மரியாதை செய்கிறது. முதல் வாசிப்பில் நம் கண் கலங்கிற்று. மறு வாசிப்பிலோ, தங்களில் ஒருவனை அப்போதுதான் இழந்துவிட்ட மக்கள் எழுந்து நிற்பதற்காக மட்டுமே அங்கு வைக்கப்பட்டிருக்கிறார்களோ என்ற ஐயம் எழுந்தது.

இந்த எல்லைக்கோடு ஆசிரியையின் பிழை மட்டுமன்று. அது அவர் கண்ட வாழ்வின் யதார்த்தமும் ஆகும். அவருடைய தந்தையும் வழக்கறிஞரே. கொலைக் குற்றஞ்சாட்டப்பட்ட இரு கறுப்பினத்தவருக்காக அவர் 1919இல் வாதாடித் தோற்றார், அவர்கள் தூக்கிலிடப்பட்டனர். 1950களில் எழுதப்பட்டு 2015இலேயே அச்சேறிய ‘கோ செற் எ வாச்மன்’ நூலில் முதிய அற்றிக்கஸ், இனப்பிரிவினையைக் காக்கக் கூடிய வெள்ளையர் சபையில் அமர்ந்திருக்கக் காண்கிறோம். உலகெங்கும் வாசகர்கள் தங்கள் தகப்பனையே இழந்தவர்கள்போல் அங்கலாய்த்தனர்.

நமக்கு அத்துணை அதிர்ச்சி ஏற்படவில்லை. அந்த மனிதரை நாம் மாவிட்டபுரத்தில் கண்டிருக்கிறோம்.

சி. சுந்தரலிங்கம் ஒக்ஸ்போர்ட்டில் பயின்றவர், கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தவர், டி. எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையில் இடம்பெற்றவர். மலையகத் தமிழரைப் பாதித்த குடியுரிமைச் சட்டப் பிரச்சினையில் 1948 டிசம்பரில் அமைச்சர் பதவியைத் துறந்தார். பதவியைவிட மனச்சாட்சி பெரிதென்று காட்டிய செயல் அது; அற்றிக்கஸ் செய்ததற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. அதே பெரியவர் இருபது ஆண்டுகளின் பின், 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நின்று தாழ்த்தப்பட்ட தமிழரை உள்ளே செல்லவிடாது தடுத்தார். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டு, அது பிரித்தானியப் பிரிவுக் கவுன்சில் வரை சென்றது. அவரை வேடதாரி என்று சொல்லிவிட்டால் காரியம் எளிதாக முடிந்துவிடும். அவர் வேடதாரி அல்லர். தம் மீதும் தம் இனத்தின் மீதும் இழைக்கப்பட்ட அநீதியை அநீதியென உணர்ந்தார். தம் வர்க்கமும் சாதியும் இழைத்த அநீதியை ஒழுங்கென்றும் ஆகமமென்றும் உணர்ந்தார். இரண்டிலும் அவர் நேர்மையாகவே இருந்தார். நம்மை அச்சுறுத்துவது அந்த நேர்மைதான்.

தனிமனித நேர்மையை நாம் சிறுமைப்படுத்துவதாக எவரும் கருதவேண்டாம். 1983 ஜூலையில் வாக்காளர் பட்டியலைக் கையில் ஏந்திய கும்பல்கள் கொழும்பு வீதிகளில் தமிழர் வீடுகளைத் தேடி வந்தபோது, அயலிலிருந்த சிங்களக் குடும்பங்கள் பல தமிழர்களைத் தம் அறைகளில் ஒளித்து வைத்துக் காத்தன. வெள்ளவத்தையில் இன்று வாழ்வோரில் பலர் அத்தகைய ஒரு கதவுக்குக் கடன்பட்டவர்கள். ஆனால் அதே வாரத்தில், ஜூலை 25ஆம் 27ஆம் திகதிகளில், வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். அந்தக் கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. அங்கே விளக்கோடு வாசலில் அமர ஓர் அற்றிக்கஸ் இருக்கவில்லை. இருந்திருப்பினும் கொலை வந்த திசை உள்ளிருந்தேயாகும். அரசின் சுவருக்குள்ளேயே கும்பல் இருக்கும்போது, நல்ல தகப்பன் எந்த வாசலைக் காப்பான்?

நாவலில் இன்னொரு வாசலும் உண்டு. விமரிசகர்கள் அதை அதிகம் பேசுவதில்லை. கறுப்பின மக்களின் தேவாலயத்தில், ரொம்மின் மனைவி ஹெலனுக்காகப் பத்து டொலர் சேரும்வரை ஒருவரும் வெளியேறலாகாது எனப் போதகர் சைக்ஸ் கதவை மூடச் செய்கிறார். வியர்வை வழியும் அந்த மண்டபத்தில், இல்லாதவர்கள் இல்லாமையிலிருந்து சில்லறை எடுத்து வைக்கிறார்கள். மாவிட்டபுரத்து வாசலில் சத்தியாக்கிரகம் இருந்த மக்கள் இவர்களுக்கு உறவினர், அற்றிக்கஸுக்கு அல்லர். அவர்களுடைய பக்கத்திலிருந்து எழுத கே. டானியல் வந்தார், 1972இல் ‘பஞ்சமர்’ வெளியாயிற்று. முடிதிருத்தும் நிலையத்திலிருந்து ‘மல்லிகை’யை நடத்தி, பிற்காலத்தில் அதைக் கொட்டாஞ்சேனைப் பக்கத்து ஸ்ரீ கதிரேசன் வீதிக்குக் கொண்டுவந்த டொமினிக் ஜீவாவும் அந்தப் பக்கத்திலிருந்தே எழுதினார். இவர்கள் எவரும் நல்லதொரு எசமானின் மகள் கதை சொல்லும்வரை காத்திருக்கவில்லை.

ஹார்ப்பர் லீயை அவ்வாறு எழுதவில்லையே என்று குறைசொல்வது முறையாகாது. தாம் அறிந்த வீட்டிலிருந்து, தாம் நேசித்த தகப்பனை எழுதினார். ஆயினும் அவருடைய பேனாவே சிற்சில இடங்களில் அந்த வீட்டைத் தாண்டிச் சென்றுவிடுகிறது. கணவன் இறந்த பின் ஹெலன் வேலைக்குப் போகிறாள். நேர்வழியில் இயூவெல் குடும்பத்தின் வீடு இருக்கிறது. அங்கே அவள்மீது கல்லெறிகிறார்கள். ஆகவே அவள் ஏறத்தாழ ஒரு மைல் தூரம் சுற்றி நடந்து போகிறாள். ஆசிரியை இதற்கு ஒதுக்கியிருப்பது சில வரிகளே.