உயர்ந்தது அச்சு அல்ல

கோவாவில் மழைக்காலத்தில் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் ஆஃப்ரோடு பந்தய வீடியோக்களைப் பார்த்துவிட்டுப் பழைய ஜிப்சியைப் பட்டறைக்கு ஓட்டிவருகிறவர்கள் பலரும் கேட்பது ‘ஸ்பிரிங் ஓவர்’. லீஃப் ஸ்பிரிங் பட்டையின் மேல் உட்கார்ந்திருக்கும் அச்சைப் பட்டைக்குக் கீழே கொண்டுபோய் வெல்டிங் வைப்பது. (கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னது இந்த மோகத்தைத் தொட்டதாகவே தெரியவில்லை.)

ஆதாயம் இல்லாமலில்லை. வண்டி ஏறக்குறைய 5 அங்குலம் உயர்கிறது, பெரிய டயர் இடிக்காமல் நுழைகிறது, யூ போல்ட் தட்டு பாறையில் உரசுவது நிற்கிறது. பழைய பட்டையே போதும் என்பதால் செலவும் குறைவு. ஆனால் உயர்வது உடல்தான். கல்லில் முதலில் மோதும் டிஃப்பரன்ஷியல் உருண்டை பழைய உயரத்திலேயே இருக்கிறது. அதை உயர்த்துவது டயர் மட்டுமே.

இதைக்கூட விட்டுவிடலாம். என் சண்டை பின் அச்சின் முறுக்கலோடு.

ஜிப்சிக்கு 1985 முதல் கடைசி வண்டிவரை நான்கு மூலையிலும் பட்டைதான். பாரம் தாங்குவது, அச்சை இடத்தில் நிறுத்துவது, ஹவுசிங் சுழன்றுவிடாமல் பிடிப்பது, மூன்றும் அதன் வேலை. சக்கரம் தரையைப் பின்னால் தள்ளும்போது தரை வண்டியை முன்னால் தள்ளுகிறது. அந்த விசை பட்டையை எவ்வளவு முறுக்கும் என்பது தரையிலிருந்து பட்டை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. முன்பு பட்டை அச்சுக்குக் கீழே, தரைக்கு அருகில் இருந்தது. இப்போது அச்சுக்கு மேலே. இன்ஜின் அதுதான், பட்டை அதுதான், நெம்புகோல் மட்டும் நீண்டுவிட்டது. போதாததற்குப் பெரிய டயர் அதை இன்னும் நீட்டுகிறது.

லோ கியரில் பாறை ஏறும்போது பாருங்கள். பினியன் மூக்கு மேலே தூக்கும், பட்டையின் முன்பாதி புடைக்கும், பின்பாதி தொய்யும். சக்கரம் பிடி நழுவியதும் பட்டை சடாரென்று திரும்பும், அச்சு குதிக்கும், ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் உடையும். உடனே கிராஸ் போலி என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். இரண்டாவது கிராஸும் அவ்வாறே போகும். பிரேக் அடித்தால் இதே முறுக்கல் எதிர்ப்பக்கமாக. மலைப்பாதை இறக்கத்தில், குடும்பத்தோடு, அது வேண்டுமா?

முறுக்குத் தடுக்கும் ராடு போட்டால் சரியாகும் என்பது ஆதரவாளர்களின் பதில். சரியாகும், ஒரு முனை அச்சில் உறுதியாகவும் மறுமுனை சேக்கிளில் தொங்கியும் இருந்தால். இரு முனையையும் இறுக்கிவிட்டால், ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போது அச்சு சாய முடியாமல் வெல்டிங்கைப் பிய்த்துவிடும். சரி, இந்த ராடைப் போடுகிறவர்கள் எத்தனை பேர்? நான் பார்த்த பட்டறைச் சீட்டுகளில் வின்ச், பம்பர், கூரை விளக்கு எல்லாம் கட்டாயம், ராடுக்கு எதிரே ‘பிறகு பார்க்கலாம்’. அந்த நிலையில் வண்டியை வெளியே விடுகிற பட்டறைக்காரரை மெக்கானிக் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.