அவதானம்: வியப்பும் விளக்கமும்

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தின் இலக்கிய வரலாற்றில் அருட்பா–மருட்பாப் பூசலுக்குத் தனியிடம் உண்டு. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823இல் பிறந்த வள்ளலாரின் பாடல்களை முன்னிட்டு எழுந்த அது, 1869இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. வள்ளலாரும் ஆறுமுக நாவலரும் மறைந்த பின்னரும் ஓயவில்லை. பின்னாளில் அருட்பாவின் பக்கம் நின்று வாதிட்டவர்களுள் ஒருவர் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950). சைவருக்குள் எழுந்த வழக்கில் ஒரு முஸ்லிம் புலவரின் சொல் எவ்வாறு மதிப்புப் பெற்றது?

அவரது நினைவாற்றல் ஓர் அற்புதம் என்பதே நம்மவர் வழக்கமாகத் தரும் விடை. 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் அவர் நிகழ்த்திய சதாவதானத்தைச் சான்று காட்டுவர். இவ்விடை நமக்கு நிறைவளிக்கவில்லை. அவதானம் என்னும் சொல்லுக்குக் கவனம் என்றே பொருள். நினைவு அதன் ஒரு கூறு மட்டுமே.

மனித மூளை நூறு செயல்களில் ஒரே கணத்தில் கருத்தூன்றுவதில்லை. ஒரு வேளையில் அது மனத்தில் ஏந்தி நிற்பது ஏறத்தாழ நான்கு செய்திகளையே என்பர் இன்றைய ஆய்வாளர். நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளைப் பகுதி குறிக்கோளைக் காத்து, முந்திவரும் தூண்டலை அடக்கி, இடைமுறிந்த வேலைக்கு மீள வழிசெய்கிறது. முதுகில் விழும் பொருள்களை எண்ணிக்கொண்டே வெண்பாவுக்குத் திரும்பும் அவதானியிடம் நாம் காண்பது, நெடும்பயிற்சியால் கூர்மையுற்ற இந்த மீள்திறனையே.

வாய்மொழியாக வழங்கிவரும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. ‘துருக்கன்’ என்னும் சொல்லை இராமனோடு பிணைத்த ஈற்றடி ஒன்றைப் பாவலரிடம் கொடுத்துப் பாடச் சொன்னார்களாம். அவர் சினக்கவில்லை. முந்தைய அடியின் இறுதியில் ‘சத்’ என்னும் அசையை நிறுத்த, அச்சொல் இராமனின் தம்பி சத்துருக்கனின் பெயராயிற்று. முதலில் எழும் மறுமொழியை நிறுத்திவைத்து வேறுவழி தேடும் ஆற்றல் இது. பிறர் நூலை அவர் நிலையில் நின்று ஓதவும், எதிர்வாதத்தை இறுதிவரை கேட்கவும் வேண்டிய ஆற்றலும் இதுவே. பூசலில் அவர் சொல் மதிப்புப் பெற்றதன் காரணத்தை நாம் இங்கேதான் தேடுவோம்.

அற்புதம் என்று சொல்லிவிட்டால் கற்க வேண்டிய கடமை நம்மை விட்டு நீங்கிவிடுகிறது. பாவலரைப் போற்றும் நம்மில் அவருடைய சீறாப்புராண உரையைப் பயின்றோர் எத்தனை பேர்? கவனத்தின் பெயரால் புகழ்பெற்ற புலவருக்கு நம் கவனத்தையே அளிக்காமல் விழா மட்டும் எடுப்பது முறையன்று.